அச்சேறாத ஒரு நிரூபணம்

செயலிக் கோட்பாட்டு நூல்களில் ஒரு தேற்றத்தின் பக்கத்தில் மூன்று பெயர்களைப் பார்க்கலாம்: வான் நியூமன், அரோன்ஷைன், ஸ்மித். பின்னால் வரும் இருவருக்கும் முகவரி உண்டு. 1954, ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’, 60ஆம் தொகுதி, 345ஆம் பக்கம் என்று நேரே போய்ச் சேர்ந்துவிடலாம். முதல் பெயருக்கு முகவரி கிடையாது. ‘வெளியிடப்படாதது’ என்று ஒரு சொல், சில நூல்களில் ‘1930களின் தொடக்கம்’ என்று ஒரு காலக்குறிப்பு. அவ்வளவுதான். ஜான் வான் நியூமன் எழுதாமல் விட்டுவைக்கும் ஆள் இல்லை. சுமார் 150 கட்டுரைகள் அவர் பெயரில் உள்ளன. அவர் இறந்தபின் ஏ. எச். டௌப் பதிப்பித்து, 1961 முதல் 1963க்குள் ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் இரண்டாம் தொகுதியும் மூன்றாம் தொகுதியும் பெரும்பாலும் செயலிகளுக்கே போய்விடுகின்றன. அங்கும் இந்த நிரூபணம் இல்லை.

அச்சில் இல்லாத ஒன்றுக்கு ஒருவர் சொந்தக்காரரானது எப்படி? யார் சாட்சி? அந்தச் சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விகளோடுதான் பழைய இதழ்களைப் புரட்ட ஆரம்பித்தேன். தேடல் போகப்போகக் கேள்வி வேறாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தேற்றம். மூன்று எண்களை வரிசையாக எழுதினால் நாம் நடமாடும் வெளியில் ஒரு புள்ளி. எண்களை முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம், ஆனால் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தால் கிடைப்பது ஹில்பர்ட் வெளி. நீளம் உண்டு, கோணம் உண்டு, செங்குத்து உண்டு, பரிமாணங்கள்தான் தீர்வதில்லை. அந்த வெளியின் ஒவ்வொரு திசையனையும் வாங்கிக்கொண்டு இன்னொரு திசையனைத் தரும் விதிக்குப் பெயர் செயலி. இரண்டு திசையன்களைக் கூட்டிவிட்டுச் செயலியிடம் கொடுத்தாலும், தனித்தனியே கொடுத்துவிட்டு விடைகளைக் கூட்டினாலும் ஒன்றே வர வேண்டும், எண்ணால் பெருக்குவதற்கும் அப்படியே என்றால் அது நேரியல் செயலி. எந்தத் திசையனின் நீளத்தையும் ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல் பெருக்காது என்றால் வரம்புள்ள செயலி. இங்கே செயலி என்று சொல்லும்போதெல்லாம் இவ்விரண்டு குணங்களும் உள்ளதையே சொல்கிறேன்.

ஒரு செயலி வெளி முழுவதையும் புரட்டிப் போடும்போது, ஏதாவது ஓர் உள்வெளியாவது தன் எல்லைக்குள்ளேயே தங்குமா? அந்த உள்வெளியிலிருந்து எந்தத் திசையனை எடுத்துச் செயலியிடம் கொடுத்தாலும் விடை அதே உள்வெளிக்குள் விழ வேண்டும். அப்படிப்பட்டது மாறா உள்வெளி. பூச்சியம் மட்டும் உள்ள உள்வெளியும் முழு வெளியும் எந்தச் செயலிக்கும் இந்தக் குணத்தோடுதான் இருக்கும் என்பதால் அவை கணக்கில் சேரா. உள்வெளி மூடியதாகவும் இருக்க வேண்டும். அதாவது, உள்ளிருக்கும் திசையன்களின் வரிசை எதை நெருங்குகிறதோ அதுவும் உள்ளேயே இருக்க வேண்டும்.

பரிமாணம் முடிவுள்ளதாக இருந்தால் இது கல்லூரிப் பாடம். சிக்கலெண்களோடு வேலை செய்தால் எந்த அணிக்கும் ஓர் ஐகன் திசையன், அதாவது அணி இயங்கினாலும் தன் மடங்காகவே மாறும் பூச்சியமல்லாத திசையன், கிடைத்துவிடும். அது செல்லும் கோடே மாறா உள்வெளி. பரிமாணம் முடிவில்லாமல் போனால் ஐகன் திசையன் என்ற ஊன்றுகோலை நம்ப முடியாது. வோல்ட்டெரா செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூச்சியம் முதல் ஒன்று வரையிலான இடைவெளியில் ஒரு சார்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ‘பூச்சியத்திலிருந்து இதுவரை’ என்று தொகையிட்டுத் தருகிறது அது. இதற்கு ஓர் ஐகன் திசையன்கூடக் கிடையாது: தொகையீட்டின் விடை தன்னுடைய மடங்காகவே இருக்க வேண்டும் என்றால் அந்தச் சார்பு அடுக்குக்குறிச் சார்பாக இருக்க வேண்டும்; ஆனால் தொகையீடு பூச்சியத்தில் பூச்சியமாகத் தொடங்குவதால் சார்பு முழுவதுமே பூச்சியமாகிவிடும். மாறா உள்வெளிக்கு மட்டும் குறைவில்லை. பூச்சியம் முதல் கால் வரை பூச்சியமாகவே இருக்கும் சார்புகளைத் தொகையிட்டால், விடையும் கால் வரை பூச்சியம்தான். காலுக்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் ஓர் உள்வெளி கிடைக்கும். வேறு உள்வெளியே இதற்குக் கிடையாது என்பதை 1957இல் பிராட்ஸ்கியும் டொனஹியூவும் நிறுவினார்கள்.

வோல்ட்டெரா செயலி காம்பேக்ட் என்னும் வகையைச் சேர்ந்தது. முடிவுள்ள பரிமாணத்துக்குள் அடங்கும் செயலிகளைக் கொண்டு எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் அணுகத்தக்க செயலி என்று ஹில்பர்ட் வெளியில் அதை வரையறுக்கலாம். அந்தக் காலத்தில் இதற்கு முற்றிலும் தொடர்ச்சியான செயலி என்று பெயர். நாம் தேடும் தேற்றம் இதுதான்: எந்த காம்பேக்ட் செயலிக்கும், அதற்கு ஐகன் திசையன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாறா உள்வெளி ஒன்று உண்டு.

இனி சாட்சி. 1954ஆம் ஆண்டுக் கட்டுரை ஆறே பக்கம். எழுதியவர்கள் நாக்மான் அரோன்ஷைனும் கென்னன் ஸ்மித்தும். வான் நியூமனின் உரிமைக்கு மூலப்பத்திரம் இங்கேதான் கிடைக்கிறது: 1930களின் தொடக்கத்தில் ஹில்பர்ட் வெளியில் இதை நிரூபித்துவிட்டதாக வான் நியூமன் அரோன்ஷைனிடம் தெரிவித்தார், அந்த நிரூபணம் வெளியிடப்படவே இல்லை என்று கட்டுரை சொல்கிறது. பிற்கால நூல்கள் சொல்வதும் இதையேதான். ஒரே வாய்மொழி, அதைக் கேட்ட ஒருவரே, அதே தேற்றத்தைத் தாமும் நிரூபித்த கட்டுரையில், அதைப் பதிவு செய்கிறார்.

நீதிமன்றத்தில் இதைக் கேள்விச் சாட்சியம் என்று தள்ளிவிடுவார்கள். நான் தள்ளவில்லை. முதல் காரணம், சாட்சி தன் நலனுக்கு எதிராகப் பேசுகிறார். அந்த வரியை அரோன்ஷைன் எழுதாமல் விட்டிருந்தால் தேற்றம் முழுக்க அவர்கள் இருவருடையதாகவே இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டாவது காரணம் இதழின் ஆசிரியர் குழு. வான் நியூமன் 1933 முதல் இறக்கும்வரை ஆனல்ஸ் இதழின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் இறந்தது 1957 பிப்ரவரி 8. அதாவது, ‘இது எனக்கு முன்பே தெரியும் என்று வான் நியூமன் சொன்னார்’ என்ற செய்தி, அவர் ஆசிரியராக இருந்த இதழிலேயே, அவர் உயிரோடு இருந்தபோதே வந்திருக்கிறது. மறுப்பதற்கு அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. கையெழுத்துப் படி எதுவும் இல்லாத இடத்தில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஒரு பொய்த் தடயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரோன்ஷைன் 1907இல் வார்சாவில் பிறந்தவர். 1930இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றுவிட்டு, 1935இல் பாரிஸில் ஃப்ரெஷேயிடம் இரண்டாவது முனைவர் பட்டமும் வாங்கினார். வான் நியூமன், தொகையீட்டுச் செயலிகளின் நிறமாலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது வெளியானதும் 1935, பாரிஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செய்ன் நதிக்கரையில் இருவரும் நடந்துகொண்டே பேசும் காட்சி தானாக எழும். ஆதாரம் ஒன்றுமில்லை. ஆண்டும் ஊரும் ஒத்துப்போவது சந்திப்புக்குச் சான்றாகாது. ஆனால் அந்தச் சிறு நூலை ஒதுக்கிவைக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் அது வேறு காரணத்துக்காகத் தேவைப்படும்.

வான் நியூமன் அந்தக் கேள்வியிடம் போய்ச் சேர்ந்திருப்பாரா என்பதையும் சரிபார்க்க வேண்டும் அல்லவா? அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1929–30இல் ‘மத்தமாட்டிஷே அன்னாலன்’ 102ஆம் தொகுதியில் அவருடைய இரண்டு பெரிய கட்டுரைகள் வந்தன. ஒன்று ஹெர்மீட்டியச் செயலிகளின் பொதுக் கோட்பாடு, இன்னொன்று நார்மல் செயலிகளும் செயலிகளின் இயற்கணிதமும். நார்மல் செயலி என்றால் தன் இணைச்செயலியோடு இடம் மாறிக்கொள்ளக்கூடியது: எதை முதலில் இயக்கினாலும் விடை ஒன்றே. இவற்றுக்கு நிறமாலைத் தேற்றம் கைகொடுக்கிறது. மாறா உள்வெளிகள் கொட்டிக் கிடக்கின்றன. நார்மல் அல்லாத செயலிக்கு என்ன கதி என்ற கேள்வி அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் தாண்டியவுடன் எதிரே நிற்கும். அங்கே முதலில் கைவைக்கத் தோன்றுவது காம்பேக்ட் செயலிகளில்தான். 1930களின் தொடக்கம் என்ற காலக்குறிப்பு இதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்படியானால் அவருடைய நிரூபணம் எப்படி இருந்திருக்கும்? 1954 கட்டுரையின் உள்ளமைப்பைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஒரு திசையனை எடுத்து, அதன்மேல் செயலியை ஒருமுறை, இருமுறை, மும்முறை என்று இயக்கிக்கொண்டே போகிறார்கள். கிடைக்கும் திசையன்கள் வெளி முழுவதையும் நிரப்பவில்லை என்றால் அங்கேயே வேலை முடிந்தது. அவை நிரப்பிய பகுதியே மாறா உள்வெளி. நிரப்புகின்றன என்றால் அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கி, முதல் சில திசையன்களின் மேல் செயலியை வீழ்த்தி, சாதாரண அணிகளாக மாற்றுகிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் மாறா உள்வெளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக, பரிமாணம் ஒவ்வொன்றாகக் கூடும் சங்கிலியாகக் கிடைக்கும். தொடங்கிய திசையன், சங்கிலியின் கீழ்க்கோடியிலுள்ள உள்வெளியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. மேல்கோடியில் உள்ளதற்குள்ளேயே இருக்கிறது. நடுவில் எங்கோ ஒரு படியில் தூரம் பாதிக்குக் கீழே இறங்குகிறது. அந்தப் படிக்குச் சற்று முந்தைய உள்வெளியையும் பிந்தைய உள்வெளியையும் பிடித்துக்கொண்டு அணியின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டே போய் எல்லைக்குச் செல்கிறார்கள். முந்தையதன் எல்லை முழு வெளியாக முடியாது, தொடக்கத் திசையன் அதிலிருந்து விலகி நிற்கிறது. பிந்தையதன் எல்லை பூச்சியமாக முடியாது, திசையன் அதற்கு அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பரிமாணத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆகவே இரண்டில் ஒன்றாவது நாம் தேடுவது. எல்லைக்குப் போகும்போது திசையன்கள் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது செயலியின் காம்பேக்ட் தன்மை.

செங்குத்து வீழல் ஹில்பர்ட் வெளிக்கே உரிய வசதி. கோணமே இல்லாத பானாஹ் வெளிகளிலும் இந்த வாதத்தை நடத்திக்காட்டியது 1954 கட்டுரையின் கூடுதல் சாதனை. அதில் வான் நியூமனுக்குப் பங்கு கோரப்படவில்லை. அவருடையது ஹில்பர்ட் வெளிக்கு மட்டும். இதனால்தான் அவருடைய வாதமும் வீழல் வழியாகவே, அணிகளைப் பெரிதாக்கிச் செல்லும் பாதையிலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன். இதற்குத் துணையாக இன்னொரு தாள் கிடைக்கிறது. 1942இல் ‘போர்ச்சுகாலியே மத்தமாட்டிகா’ இதழில் அவர் 62 பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். பொருள்: அளவு மிகப் பெரிய, ஆனால் முடிவுள்ள அணிகளின் தோராய இயல்புகள். ஹில்பர்ட் வெளிக்கு நேரே தாவிவிடாமல் பெரிய அணிகளையே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் பிடிவாதம். இது நிரூபணம் ஆகாது, ஆள் அடையாளம் காட்டும் குறிப்பு மட்டுமே.

ஏன் வெளியிடவில்லை? இதற்குப் பலர் பல காரணம் சொல்லக்கூடும். என் கணிப்பு சாதாரணமானது. அவருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. 1932இல் குவாண்டம் இயக்கவியலின் கணித அடித்தளங்கள் நூல், 1933இல் பிரின்ஸ்டன் உயர்நிலை ஆய்வு நிறுவனப் பதவி, 1936 முதல் மரேயோடு செயலி வளையங்கள் என்று போய்க்கொண்டிருந்தவருக்கு, காம்பேக்ட் செயலியின் மாறா உள்வெளி வழியில் கிடந்த ஒரு சில்லறைக் காசு. பிற்காலத்தில் அதைச் சுற்றி ஒரு துறையே எழும் என்று அப்போது யாரும் நினைக்கக் காரணமில்லை.

அந்தத் துறை எழுந்ததற்கு 1954 கட்டுரையை ஒட்டி எழுந்த ஒரு கேள்வியும் காரணம். செயலி காம்பேக்ட் அல்ல, ஆனால் அடுத்தடுத்து இருமுறை இயக்கினால் காம்பேக்ட் ஆகிவிடுகிறது என்றால்? பார்த்தால் அற்ப வித்தியாசம். பன்னிரண்டு ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. பால் ஹால்மோஸ் இந்தக் கேள்வியைப் பரப்பினார். புடாபெஸ்டில் பிறந்து, பிரின்ஸ்டனில் வான் நியூமனிடம் உதவியாளராக இருந்தவர். நல்ல கேள்வியைப் பரப்புவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. (சென்னை வாசகருக்கு இவரோடு ஒரு தொடர்பு உண்டு: தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பின்னாளில் பணியாற்றிய வி. எஸ். சுந்தரும் ஹால்மோஸும் சேர்ந்து 1978இல் தொகையீட்டுச் செயலிகள் பற்றி ஒரு நூல் எழுதினார்கள்.)

‘பசிபிக் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ 1966, 16ஆம் தொகுதியைப் பிரித்தால் ஒரு விசித்திரம் தெரியும். 421 முதல் 431 வரை ஆலன் பெர்ன்ஸ்டைனும் ஆபிரகாம் ராபின்சனும் எழுதிய கட்டுரை. ஸ்மித், ஹால்மோஸ் கேள்விக்குத் தீர்வு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. ஒரு பக்கம் தாண்டி, 433 முதல் 437 வரை ஹால்மோஸே எழுதிய கட்டுரை, அதே தேற்றத்துக்கு. கேள்வி கேட்டவர், பதில் வந்த இதழிலேயே, பதிலுக்கு அடுத்தாற்போல் அதே பதிலைத் திருப்பி எழுதியிருக்கிறார்.

காரணம் ராபின்சனின் கருவி. லைப்னிட்ஸ் காலத்து நுண்ணளவுகளுக்கு 1961 வாக்கில் தர்க்கவியல் மூலம் முறையான அடித்தளம் போட்டுக் கொடுத்தவர் ராபின்சன். அவரும் மாணவர் பெர்ன்ஸ்டைனும் அரோன்ஷைன், ஸ்மித் பாதையையே பிடித்தார்கள். ஆனால் அணியின் அளவைப் படிப்படியாகப் பெரிதாக்கி எல்லைக்குப் போவதற்குப் பதிலாக, ஒரேயடியாக முடிவிலி அளவுள்ள அணியை எடுத்து, அதை முடிவுள்ளதைப் போலவே கையாண்டு, கடைசியில் நுண்ணளவுகளை உதறிவிட்டார்கள். ஹால்மோஸ் முன்படியை வாங்கிப் படித்தார், நுண்ணளவுகளை எடுத்துவிட்டு வழக்கமான பகுப்பாய்வின் நடையில் சுருக்கி எழுதினார். பதினொரு பக்கம் ஐந்தாகிவிட்டது. ஆனால் வாதத்தின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தப் பதினொரு பக்கம்தான். ஹால்மோஸின் ஐந்து பக்கத்தைக் காட்டி, நுண்ணளவுகள் தேவையில்லாத அலங்காரம் என்று சொல்பவர்கள் வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை தேடியதில் ஒன்று தெளிவு. 1930களிலிருந்து 1966 வரை எல்லோரும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள்: அணிகளாக வெட்டு, சங்கிலியைப் பிடி, எல்லைக்குப் போ. வான் நியூமனின் தாள் கிடைத்தாலும் அதில் இருக்கப்போவது பெரும்பாலும் இதுதான். இங்கேதான் எனக்குக் கேள்வி மாறியது. தொலைந்த நிரூபணத்தைவிட, யாரும் எழுதாமல் விட்ட நிரூபணம் சுவாரசியமானது.

1973இல் மாஸ்கோவில் வெளியாகும் ‘ஃபங்க்ஷனல் அனாலிசிஸ்’ இதழில், 7ஆம் தொகுதி மூன்றாம் இதழில், 55, 56 ஆகிய இரண்டே பக்கங்களில் விக்டர் லோமனோசோவ் ஒரு குறிப்பு எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அதன்படி ஒரு செயலி காம்பேக்டாக இருக்கத் தேவையில்லை. பூச்சியமல்லாத ஏதோ ஒரு காம்பேக்ட் செயலியோடு இடம் மாறிக்கொள்ளக்கூடியதாக இருந்தால் போதும், மாறா உள்வெளி உண்டு. 1954, 1966 தேற்றங்கள் இரண்டும் இதன் ஓரத்தில் அடங்கிவிடுகின்றன. அணி இல்லை, சங்கிலி இல்லை. வாதம் இப்படிப் போகிறது: உள்வெளி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் செயலியின் பல்லுறுப்புக்கோவைகளைக் கொண்டு பூச்சியமல்லாத எந்தத் திசையனையும் எங்கே வேண்டுமானாலும் அருகில் கொண்டுபோய்விடலாம். பூச்சியத்தைத் தொடாத ஒரு கோளத்தை எடுத்து, அதைக் காம்பேக்ட் செயலியால் நகர்த்துங்கள். நகர்ந்த ஒவ்வொரு புள்ளியையும் திரும்பக் கோளத்துக்குள் தள்ளும் செயலி ஒன்று உண்டு. காம்பேக்ட் தன்மையால், முடிவுள்ள எண்ணிக்கையில் சில செயலிகளே எல்லாப் புள்ளிகளுக்கும் போதும். அவற்றைத் தகுந்த எடையோடு ஒட்டினால் கோளத்திலிருந்து அதே கோளத்துக்குள் ஒரு தொடர்ச்சியான சார்பு. அதற்கு நிலைப்புள்ளி, அதாவது இருந்த இடத்திலேயே நிற்கும் புள்ளி, உண்டு. அந்த நிலைப்புள்ளி ஒரு காம்பேக்ட் செயலிக்கு ஐகன் திசையனாகி, முடிவுள்ள பரிமாண ஐகன் வெளியைத் தருகிறது. நம் செயலி அந்த வெளிக்குள்ளேயே வேலை செய்வதால் அதற்கும் ஓர் ஐகன் திசையன் கிடைத்து முரண்பாடு வருகிறது.

இந்த வாதத்துக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டிய சரக்கு இரண்டுதான். முடிவில்லாப் பரிமாணத்திலும் நிலைப்புள்ளி உண்டு என்ற யூலியஸ் ஷௌடரின் தேற்றம். காம்பேக்ட் கணத்தைச் சுற்றிய மிகச்சிறிய மூடிய குவிந்த கணமும் காம்பேக்ட் என்ற ஸ்டானிஸ்வாஃப் மசூரின் தேற்றம். இவை எங்கே, எப்போது வந்தன என்று தேடிப் போனால், இரண்டுக்கும் ஒரே முகவரி: ‘ஸ்டூடியா மத்தமாட்டிகா’, 2ஆம் தொகுதி, 1930. மசூர் 7 முதல் 9ஆம் பக்கம் வரை. ஷௌடர் 171 முதல் 180 வரை. இதழ் வெளிவந்தது அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் இருக்கும் ல்வூவ் நகரிலிருந்து. பானாஹும் ஸ்டெயின்ஹாஸும் அதைத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

வான் நியூமன் தம் நிரூபணத்தைக் கண்டுபிடித்து ஓரமாக வைத்ததாகச் சொல்லப்படும் அதே காலத்தில், அதைவிடச் சுருக்கமான, அதைவிடப் பல மடங்கு வலுவான நிரூபணத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே தொகுதியில் தைத்துக் கட்டப்பட்டு நூலகங்களில் இருந்தன. 43 ஆண்டுகள் யாரும் அவற்றை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஷௌடர் யூதர், 1943இல் ல்வூவில் நாஜிகளால் கொல்லப்பட்டார். தம் தேற்றம் போய்ச் சேர்ந்த இடத்தை அவர் பார்க்கவில்லை.

லோமனோசோவின் இரண்டு பக்கத்துக்குப் பிறகும் ஓர் அச்சேறாத நிரூபணம் குறுக்கிடுகிறது. எச். எம். ஹில்டன் என்ற இடவியலாளர் ஷௌடரின் தேற்றமே தேவையில்லை என்று கண்டார். இடவியலாளர் ஒருவர் வந்து இடவியலை வெளியேற்றியது நல்ல வேடிக்கை. காம்பேக்ட் செயலிக்கு ஐகன் மதிப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், அதைத் திரும்பத் திரும்ப இயக்கும்போது அதன் பலம் எந்தப் பெருக்குத் தொடரையும்விட வேகமாகத் தேய்கிறது. இப்போது கோளத்தின் மையத்தைக் காம்பேக்ட் செயலியால் நகர்த்துங்கள், முடிவுள்ள எண்ணிக்கையிலான செயலிகளில் ஒன்றால் திரும்பக் கோளத்துக்குள் தள்ளுங்கள், மறுபடி நகர்த்துங்கள், மறுபடி தள்ளுங்கள். இடம் மாறும் குணத்தால் நகர்த்தல்களை எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்த்துவிடலாம். அவற்றின் தேய்வு தள்ளல்களின் பெருக்கத்தைத் தின்றுவிடுகிறது. புள்ளி பூச்சியத்தை நோக்கிப் போகிறது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் கோளத்துக்குள் இருந்தாக வேண்டும். கோளமோ பூச்சியத்தைத் தொடுவதில்லை. முடிந்தது. இதை ஹில்டன் தாமே கட்டுரையாக்கவில்லை. ஏ. ஜே. மைக்கேல்ஸ் 1977இல் ‘அட்வான்சஸ் இன் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் மூன்று பக்கத்தில், ஹில்டனின் எளிய நிரூபணம் என்றே தலைப்பிட்டு எழுதினார். இன்று பாடநூல்களில் மாணவர்கள் படிப்பது பெரும்பாலும் இதைத்தான். வான் நியூமனுக்கு அரோன்ஷைன் செய்ததை ஹில்டனுக்கு மைக்கேல்ஸ் செய்தார். இம்முறை நிரூபணத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார்.

எல்லாச் செயலிகளும் ஏதாவது ஒருவகையில் லோமனோசோவின் நிபந்தனைக்குள் வந்துவிடுமோ என்ற நப்பாசை சில ஆண்டுகள் இருந்தது. 1980இல் ஹாட்வின், நோர்ட்கிரென், ரஜாவி, ரோசென்தல் நால்வரும் அதற்குள் வராத ஒரு செயலியைக் காட்டி அதை முடித்துவைத்தார்கள்.

பானாஹ் வெளிகளில் கதை வேறு திசையில் போனது. மாறா உள்வெளியே இல்லாத செயலி உண்டு என்று பேர் என்ஃப்லோ 1975இல் அறிவித்தார். கட்டுரையை ‘ஆக்டா மத்தமாட்டிகா’ இதழுக்கு அனுப்பியது 1981. அச்சில் வந்தது 1987, 213 முதல் 313ஆம் பக்கம் வரை. இடையில் 1984இல் சார்லஸ் ரீட் தம்முடைய எடுத்துக்காட்டை வெளியிட்டுவிட்டார். யார் முதல் என்ற சச்சரவில் நான் இறங்கவில்லை. இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வாசகருக்கே தெரியும். அதே ஆக்டாவில் 2011இல் அர்கிரோஸும் ஹெய்டனும் ஒரு பானாஹ் வெளியைக் கட்டினார்கள். அதில் எந்தச் செயலியை எடுத்தாலும் அது வெறும் எண்ணால் பெருக்கும் செயலியும் ஒரு காம்பேக்ட் செயலியும் சேர்ந்ததுதான். எண்ணால் பெருக்குவது எந்த உள்வெளியையும் கலைக்காது. ஆகவே 1954 தேற்றத்தை எடுத்து வைத்தாலே அந்த வெளியின் எல்லாச் செயலிகளுக்கும் மாறா உள்வெளி உண்டு என்று வந்துவிடுகிறது. ஆறு பக்கக் கட்டுரை 57 ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு வேலைக்கு அழைக்கப்பட்டது.

ஹில்பர்ட் வெளியில் எல்லாச் செயலிகளுக்குமான கேள்வி திறந்தே கிடக்கிறது. 2023 மே மாதம் என்ஃப்லோ, ஆம் என்பதே விடை என்று ஒரு முன்படியைப் பொதுவில் வைத்தார். ஒரு முன்படி வந்தவுடனே தேற்றமாகிவிடுவதில்லை.

ஒதுக்கிவைத்த 1935 பாரிஸ் சிறு நூலுக்கு இப்போது வரலாம். ஹெர்மன் வைல் தொடங்கிவைத்த ஒன்றை வான் நியூமன் அதில் முழுமையாக்கினார்: எந்தத் தன்னிணைச் செயலியையும் (தன் இணைச்செயலி தானேயானது), எவ்வளவு சிறியதாக வேண்டுமானாலும் ஒரு காம்பேக்ட் செயலியைக் கூட்டி, மூலைவிட்டச் செயலியாக்கிவிடலாம். மூலைவிட்டச் செயலிக்கு மாறா உள்வெளிகள் பார்த்தவுடன் தெரியும். காம்பேக்ட் செயலிக்கு மாறா உள்வெளி உண்டு என்பது அவர் சொல்லாமல் விட்ட நிரூபணத்தின் பொருள். இரண்டையும் கூட்டினால் வருவதற்கு? மூலைவிட்டத்தில் மெய்யெண்களே இருந்தாலும், கூட்டப்படுவது பொதுவான ஒரு காம்பேக்ட் செயலி என்றால், விடை தெரியாது. 1992இல் இந்த வகைச் செயலிகளுக்கு லோமனோசோவ் ஒரு பாதி விடை தந்தார்: மெய்யெண்களால் பெருக்குவதை மட்டும் அனுமதித்தால் மாறா உள்வெளி உண்டு. சிக்கலெண்களையும் அனுமதிக்கும் உள்வெளி, வான் நியூமன் பேசியது எதுவோ அது, இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.